பசியற்ற உலகின் காலாட்படை

பசி இல்லை, பணம் இல்லை, சாதி இன வேற்றுமை இல்லை. கேட்ட உணவைச் சுவரிலிருக்கும் ஓர் இயந்திரம் நொடியில் ஆக்கித் தருகிறது. இப்படிப்பட்ட உலகத்தில் துப்பாக்கியோடு சேற்றில் படுத்துக்கிடக்கும் சிப்பாய்க்கு என்ன வேலை? பொன்னுலகைக் கற்பனை செய்த அறிவியல் புனைவுகளெல்லாம் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியில் வந்து நிற்கின்றன. அவற்றில் மிக நீண்ட காலம் இதோடு போராடியது ‘ஸ்டார் ட்ரெக்’. 1966 செப்டம்பர் 8 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய அந்தக் கதையுலகம், போரை வென்று கடந்துவிட்ட மனிதகுலத்தைக் காட்டவே பிறந்தது. ஆனால் ஒரு தலைமுறை கழிந்தபின் அதன் மிகச் சிறந்த பக்கங்கள் பதுங்குகுழிகளிலிருந்துதான் வந்தன.

அதை உருவாக்கியவர்கள் போரைப் புத்தகத்தில் படித்தவர்கள் அல்லர். ஜீன் ராடன்பெரி இரண்டாம் உலகப் போரில் பசிபிக் முனையில் பி-17 குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். தொடருக்குப் பல அடிப்படைகளைத் தந்த எழுத்தாளர் ஜீன் கூன் அமெரிக்க மரீன் படையில் இருந்தவர். தொடரில் வரும் விண்கப்பலின் பொறியாளர் ஸ்காட்டியாக நடித்த ஜேம்ஸ் டூஹன், கனடாவின் பீரங்கிப் படை அதிகாரியாக 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியின் ஜூனோ கடற்கரையில் இறங்கினார். அன்றிரவு தம் பக்கத்துக் காவலாளி ஒருவனே ஆள் தெரியாமல் சுட்டதில் அவர்மேல் ஆறு குண்டுகள் பாய்ந்தன. மார்பைத் தேடி வந்ததைச் சட்டைப்பையிலிருந்த சிகரெட் பெட்டி தடுத்தது. வலது கையின் நடுவிரல் போனது. தொடரில் அந்தக் கையைப் பெரும்பாலும் கேமராவுக்கு மறைத்தபடியே அவர் நடித்தார்.

போரை நேரில் கண்ட தலைமுறை போரில்லாத உலகத்தை ஆசைப்பட்டதில் வியப்பில்லை. ராடன்பெரி அந்த ஆசையை விட்டுக்கொடுக்கவே இல்லை. 1980களில் வந்த திரைப்படங்களில், கதையின் விண்கப்பல் அமைப்பான ஸ்டார்ஃப்ளீட் ஒரு கடற்படையைப்போல மாறியபோது அவர் எதிர்த்தார். 1989இல் வந்த ‘பீக் பெர்ஃபார்மன்ஸ்’ அத்தியாயத்தில் கேப்டன் பிக்கார்ட், ஸ்டார்ஃப்ளீட் ராணுவ அமைப்பே அல்ல, அதன் பணி ஆராய்ச்சிப் பயணம் என்று அழுத்தமாகச் சொல்கிறார். சொல்லும் இடம் ஒரு போர்ப் பயிற்சி. போர்க் எனும் இயந்திர மனிதக் கூட்டம் வரப்போகிறது என்று தெரிந்து, விருப்பமில்லாமல் செய்த பயிற்சி அது.

அடுத்த ஆண்டே கணக்கு வந்து சேர்ந்தது. உல்ஃப் 359 என்ற விண்மீன் அருகே ‘போர்க்’ கூட்டத்தின் ஒரே ஒரு கப்பலை எதிர்கொண்ட கூட்டமைப்பு, அதாவது பூமியும் பிற கோள்களும் சேர்ந்த கதையின் பொன்னுலக அரசு, 39 கப்பல்களை இழந்தது. இறந்தவர்கள் ஏறத்தாழ 11,000 பேர். குடும்பங்களையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு ஆராய்ச்சிக்குப் போகும் கப்பல்கள் போர்முனைக்கு இழுத்துவரப்பட்டால் என்ன ஆகும் என்பதை 1993இல் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரான ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தன் முதல் காட்சியிலேயே காட்டுகிறது. அதன் நாயகன் பெஞ்சமின் சிஸ்கோ எரியும் கப்பலில் மனைவியின் உடலை விட்டுவிட்டு மகனோடு தப்புகிறார். அந்தத் தோல்விக்குப்பின் வடிவமைக்கப்பட்ட ‘டிஃபையண்ட்’ முழுக்க முழுக்கப் போர்க்கப்பல். குடும்பத்துக்கு அதில் இடமில்லை. அப்போதும் ஏட்டில் அது வெறும் காவல் கப்பல்.

ஆயத்தமாக இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. அதை எடைபோட்டவை 1996 ஜனவரியில் அடுத்தடுத்து வந்த ‘ஹோம்ஃப்ரன்ட்’, ‘பாரடைஸ் லாஸ்ட்’ அத்தியாயங்கள். எந்த உருவமும் எடுக்கக்கூடிய பகைவர்கள் பூமிக்குள் நுழைந்துவிட்டார்கள் என்ற அச்சத்தில் ஸ்டார்ஃப்ளீட் அட்மிரல் லேட்டன் படையினரைத் தெருவில் இறக்குகிறார். மின்சாரத்தை அவரே துண்டித்துவிட்டுப் பழியைப் பகைவர்மேல் போடுகிறார். மாறுவேடக்காரனைக் கண்டறிய ஸ்டார்ஃப்ளீட்டினருக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் ரத்தப் பரிசோதனை. நியூ ஆர்லியன்ஸில் உணவகம் நடத்தும் சிஸ்கோவின் தந்தை மறுத்துவிடுகிறார். பிறகு ஒரு நாள் காய் நறுக்கும்போது அவர் விரலில் கத்தி பட்டுவிடுகிறது. மகன் ஓடி வந்து விரலைப் பார்க்கவில்லை, கத்தியை எடுத்து அதிலிருக்கும் ரத்தத்தை உற்றுப் பார்க்கிறான். தந்தைக்கு அது புரிந்துவிடுகிறது. நாட்டுப் பாதுகாப்பு என்ற பெயரில் சந்தேகம் சமையலறைவரை வந்துவிட்டதைச் சொல்ல அந்த ஒரு பார்வை போதுமாக இருக்கிறது.

தரைப்போருக்கு வருவோம். 60களின் தொடரில் காலாட்படை என்று எதுவுமே இல்லை. கேப்டனும் மருத்துவரும் அறிவியல் அதிகாரியுமே கோளில் இறங்குவார்கள். கூட வரும் சிவப்புச் சட்டைக் காவலர் முதலில் சாவார். சுற்றுப்பாதையிலிருந்து ஒரு கண்டத்தையே எரிக்க முடியும்போது மண்ணில் ஆள் எதற்கு என்று கேட்கலாம். பதில் பழையதுதான். அழிக்க வானம் போதும், பிடித்து வைத்துக்கொள்ள ஆள் வேண்டும்.

1996 அக்டோபரில் வந்த ‘நார் த பேட்டில் டு த ஸ்ட்ராங்’ அத்தியாயம்தான் தரைப்போரைக் காட்டிய முதல் வலுவான முயற்சி. சிஸ்கோவின் மகன் ஜேக், எழுத்தாளனாக விரும்பும் இளைஞன், போர்க்களச் செய்தி கிடைக்கும் என்று ஒரு குகை மருத்துவமனைக்குப் போகிறான். குண்டு விழத் தொடங்கியதும் கூட வந்த மருத்துவரை விட்டுவிட்டு ஓடுகிறான். போர்முனையிலிருந்து தப்பத் தன் காலையே சுட்டுக்கொண்ட சிப்பாய் ஒருவன் அங்கே படுத்திருக்கிறான். கடைசியில் பயத்தில் கண்மூடிச் சுட்டதில் குகை வாசல் இடிந்து எதிரியைத் தடுத்துவிட, ஜேக்கை எல்லோரும் வீரன் என்கிறார்கள். அவன் நடந்ததை நடந்தபடியே எழுதிவைக்கிறான்.

இரண்டு ஆண்டு கழித்து, 1998 நவம்பரில், ‘தி சீஜ் ஆஃப் ஏஆர்-558’ வந்தது. எழுதியவர்கள் ஐரா ஸ்டீவன் பெர், ஹான்ஸ் பைம்லர். இயக்கிய வின்ரிக் கோல்பே வியட்நாம் போருக்குப் போய்வந்தவர். பெயர்கூட இல்லாத ஒரு பாறைக்கோள். அங்கே பிடிபட்ட எதிரியின் தகவல்தொடர்பு நிலையத்தைக் காக்க இறங்கியவர்கள் 150 பேர், மிஞ்சியவர்கள் 43 பேர். 90 நாளில் ஆள் மாற்ற வேண்டும் என்பது விதி. ஐந்து மாதம் ஆகிவிட்டது. தரைக்குள் இல்லாமல் வேறொரு வெளியில் மறைந்திருந்து திடீரென முளைத்து வெடிக்கும் கண்ணிவெடிகள் அவர்களைத் தின்கின்றன. வந்து சேரும் சிஸ்கோவின் குழு அந்த வெடிகளைக் கண்டுபிடித்து, எதிரி வரும் பாதையில் திருப்பி வைக்கிறது. சற்றுமுன்வரை காட்டுமிராண்டித்தனமாகத் தெரிந்த ஆயுதம் கைக்கு வந்ததும் பாதுகாப்பாகிவிடுவதைக் கதையே சுட்டிக்காட்டுகிறது. வேவு பார்க்க அனுப்பப்பட்ட இளம் அதிகாரி நோக் ஒரு காலை இழக்கிறான்.

போர்க்கலையின் கண்ணால் பார்த்தால் இதில் ஓட்டைகள் உண்டு. கவச வாகனம் இல்லை, பீரங்கி இல்லை, மேலிருந்து வேவு பார்க்க ஒரு சிறு கருவிகூட இல்லை. 1967இல் வந்த ‘அரீனா’வில் கேப்டன் கிர்க் கையடக்கமான ஒரு குண்டெறி கருவியால் எதிரியைத் துரத்தியிருந்தார், கதைக்கணக்கில் நூறாண்டுக்குப் பிறகு நடக்கும் இந்தப் போரில் அது மறைந்துபோயிருக்கிறது. எதிரிகள் முதல் உலகப் போர்க்காலத்தைப்போல நெஞ்சைக் காட்டிக்கொண்டு ஓடி வருகிறார்கள். இந்தக் குறைகள் உண்மையானவை. ஆனாலும் தூக்கமில்லாத கண்களையும், ஆள் மாற்ற யாரும் வரவில்லை என்ற கசப்பையும் இவ்வளவு சரியாகக் காட்டிய விண்வெளிக் கதை தொலைக்காட்சியில் அரிது.

1998 டிசம்பரில் அதன் தொடர்ச்சியாக வந்த ‘இட்ஸ் ஒன்லி எ பேப்பர் மூன்’ இன்னும் ஒருபடி மேலே போகிறது. நோக்கிற்குப் புதிய கால் பொருத்தியாகிவிட்டது. மருத்துவக் கணக்கில் குறையே இல்லை, இருந்தும் அவன் நொண்டுகிறான். 1960களின் ஒரு கற்பனை இசைவிடுதிக்குள் போய் ஒளிந்துகொள்கிறான். உடலை ஒரே நாளில் சரிசெய்துவிடும் உலகத்திலும் பயத்தை ஆற்ற நாள் எடுக்கிறது என்பதைச் சண்டையை மையமாக வைக்காத ஓர் அத்தியாயம் காட்டிவிட்டது.

படையைக் கலைத்தபின் படைவீரன் என்ன ஆவான்? ‘எண்டர்பிரைஸ்’ தொடரில் 70 லட்சம் பேரைக் கொன்ற தாக்குதலுக்குப்பின் 2003இல் மேக்கோ என்ற தரைப்படைப் பிரிவு கப்பலில் ஏறியது. 2016இல் வந்த ‘ஸ்டார் ட்ரெக் பியாண்ட்’ அதன் மறுபக்கத்தைச் சொன்னது. கூட்டமைப்பு பிறந்ததும் மேக்கோ கலைக்கப்படுகிறது. நேற்றுவரை யாரோடு போரிட்டாரோ அவர்களோடு கைகுலுக்கச் சொல்லப்பட்ட மேஜர் எடிசன் மனம் முறிந்து வில்லனாகிறார். அருமையான கரு, படமோ அதைக் கடைசி அரைமணியில் அவசரமாகச் சொல்லி வீணாக்கிவிட்டது.

ஸ்காட்லாந்து எழுத்தாளர் இயன் எம். பேங்க்ஸின் ‘கல்ச்சர்’ நாவல்கள் இதே கேள்விக்கு வேறு விடை சொல்கின்றன. அவருடைய பொன்னுலகில் சட்டம்கூடக் கிடையாது. 1987இல் வந்த ‘கன்சிடர் ஃபிளீபஸ்’ஸில் அந்த உலகம் ஆயத்தமே இல்லாமல் போருக்குள் போகிறது. தொடக்க ஆண்டுகளில் பின்வாங்கிக்கொண்டே போர்க்கப்பல் கட்டுகிறது. 48 ஆண்டுப் போர், 85,000 கோடிக்கு மேல் சாவு. ‘எக்செஷன்’ நாவலில் பழைய போர்க்கப்பல்களை அழித்துவிடாமல் ஒரு பாறைக்குள் உறங்கவைத்திருக்கிறார்கள். கடைசியில் அவை தவறான கைக்குப் போகின்றன. ‘யூஸ் ஆஃப் வெப்பன்ஸ்’ஸில் மண்ணில் இறங்கிச் செய்யும் அழுக்கு வேலைக்கு வெளியாள் ஒருவன் கூலிக்கு அமர்த்தப்படுகிறான். தன் மக்களை மண்ணில் சாகவிடாத நாகரிகம் இன்னொருவனைச் சாக அனுப்புகிறது. ‘ஸ்டார் ட்ரெக்’ தொடத் தயங்கிய இடம் இது. இந்த ஒரு புள்ளியில் பேங்க்ஸின் நேர்மையே பெரிது.

பொன்னுலகை நம்புகிறவர்களுக்குச் சிப்பாய் சங்கடமானவன். அவனை வைத்துக்கொண்டால் கனவு கறைபடும், மறைத்துவைத்தால் அவனுக்கு அநியாயம். மாற்று ஆள் இல்லாமல் பாறைக்கோளில் கிடந்த அந்த 43 பேரின் நிலை, போரைப் பற்றிப் பேசவே கூசிய ஓர் அமைப்பின் விளைவு. 2023இல் வந்த ‘அண்டர் த குளோக் ஆஃப் வார்’ என்ற ‘ஸ்டார் ட்ரெக்’ அத்தியாயத்தில் மருத்துவர் எம்பெங்கா போர்க்கள நினைவுகளோடு சமாதான விருந்தில் உட்கார முடியாமல் தவிப்பதைப் பார்க்கும்போது, அந்தக் கதையுலகம் தன் கேள்வியை இன்னும் கைவிடவில்லை என்று தெரிகிறது.

புதிதாக நுழையும் வாசகர் நூற்றுக்கணக்கான ‘ஸ்டார் ட்ரெக்’ அத்தியாயங்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஏஆர்-558 முற்றுகையையும் நோக் மீண்டு வரும் கதையையும் ஒரே இரவில் அடுத்தடுத்துப் பாருங்கள். பிறகு ‘யூஸ் ஆஃப் வெப்பன்ஸ்’ஸைக் கையில் எடுங்கள்.