மொழி மட்டும் பார்த்துக் கொடுங்கள்

'கருத்து என்னுடையது, மொழி மட்டும் கொஞ்சம் பார்த்துக் கொடுங்கள்' என்று ஒருவர் தாளை நீட்டும்போது அந்த வேண்டுகோளுக்குள் ஒரு விமர்சனக் கொள்கையே இருக்கிறது. கருத்து ஒன்று, சொல் வேறொன்று; சொல்லைத் தொட்டால் கருத்து அசையாது என்பது அந்தக் கொள்கை. உருவம், உள்ளடக்கம் என்று நாம் வருஷக்கணக்காகச் சண்டை போட்டுவரும் விஷயம்தான். ஆனால் கவிதையை வைத்தே சண்டை போடுகிறோம். கவிதையில் ஒரு சொல் போனால் என்ன போயிற்று என்று நிரூபிக்க வழியில்லாததால் வாதம் முடிவதில்லை. சொல் போனால் என்ன போகும் என்று நிரூபணமாகிவிட்ட ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு பார்க்கலாம்.

இந்திய அரசியல் சாசனத்தைப் பலர் கைபட்டுத் திருத்திய ஒரு பிரதியாகப் படித்தவர்கள் நம்மில் குறைவு. பி.என். ராவ் தயாரித்த முதல் நகலில் 243 ஷரத்துகள். வரைவுக் குழு அதை 315 ஆக்கியது. 1949 நவம்பர் 26-ல் அரசியல் நிர்ணய சபை ஏற்றுக்கொண்டபோது 395. அதற்கு முந்தின நாள் பேசிய அம்பேத்கர், தமக்குக் கிடைத்த பாராட்டு தமக்கு மட்டும் உரியதல்ல என்கிறார். ராவுக்கு ஒரு பங்கு. அதைவிடப் பெரிய பங்கு தலைமை வரைவாளர் எஸ்.என். முகர்ஜிக்கு. மிகச் சிக்கலான யோசனையையும் எளிய, தெளிவான சட்ட மொழியில் வைக்கத் தெரிந்தவர் என்பது முகர்ஜிக்கு அம்பேத்கர் தரும் நற்சான்று. நம் பாஷையில் சொன்னால், மொழியைப் பார்த்துக் கொடுத்தவர். அவருக்குச் சபையில், பெயர் சொல்லி, நன்றி சொல்லப்பட்டிருக்கிறது.

ஆனால் மொழியைப் பார்ப்பது எங்கே முடிகிறது, பொருளைப் பார்ப்பது எங்கே தொடங்குகிறது? இன்று 21-வது ஷரத்தாக இருப்பதைப் பாருங்கள். 1947-ல் சபை ஏற்றிருந்த வாசகம், உரிய சட்டமுறை இன்றி எவருடைய உயிரும் சுதந்திரமும் பறிக்கப்படலாகாது என்றது. அமெரிக்க சாசனத்திலிருந்து வந்த தொடர் அது. 1948 பிப்ரவரியில் வரைவுக் குழு வெளியிட்ட நகலில், 'சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறைப்படி அன்றி' என்று ஆகிவிட்டது. 'உரிய' என்ற அடைமொழி போய்விட்டது. அடைமொழியை வெட்டு என்று நாம் புதுக்கவிஞர்களுக்குச் சொல்கிற அதே யோசனைதான். காரணம் அடிக்குறிப்பில் இருக்கிறது: புதிய தொடர் அதிகத் திட்டவட்டமானது, 1946-ன் ஜப்பானிய சாசனத்தின் 31-வது ஷரத்தைப் பார்க்க. படிக்கிறவனுக்கு இது நடையைப் பற்றிய குறிப்பாகத்தான் தோன்றும்.

நடை மட்டும் அல்ல அது. 1947-ல் ராவ் அமெரிக்கா போயிருந்தபோது உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபிராங்ஃபர்ட்டரைச் சந்தித்தார். அந்தப் பழைய தொடர், மக்கள் தேர்ந்தெடுத்த சபையின் சட்டங்களை ரத்து செய்ய நீதிபதிகளுக்கு மிதமிஞ்சிய அதிகாரம் தருகிறது என்பது ஃபிராங்ஃபர்ட்டரின் கட்சி. அடிக்குறிப்பில் இந்த விவாதத்துக்கு இடமில்லை. 1948 டிசம்பரில் சபையில் பலர் பழைய தொடரைத் திரும்பக் கேட்டார்கள். இரண்டு பக்கமும் ஆபத்து இருக்கிறது என்று சொல்லி அம்பேத்கர் முடிவைச் சபைக்கு விட்டார். சபை புதிய தொடரையே வைத்துக்கொண்டது.

1950-ல் சென்னை மாகாணச் சிறையில் தடுப்புக் காவலில் இருந்த ஏ.கே. கோபாலன் உச்ச நீதிமன்றம் போனார். பாராளுமன்றம் சட்டம் செய்திருக்கிறது, அதில் ஒரு நடைமுறை இருக்கிறது, அது நியாயமானதா என்று கேட்பது எங்கள் வேலையல்ல என்பதே பெரும்பான்மை நீதிபதிகளின் தீர்ப்பின் சாரம். இலக்கணப்படி அவர்கள் படித்தது சரியே. கேள்வி கேட்கும் உரிமை 'உரிய' என்ற சொல்லில் இருந்தது. சொல் அங்கே இல்லை. 1978-ல் மேனகா காந்தி வழக்கில், நடைமுறை என்றால் அது நியாயமானதாக இருந்தாக வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. வெட்டிய அடைமொழி 28 வருஷம் கழித்து வியாக்கியானமாகத் திரும்பி வந்தது.

பாங்க்கில் வேலை பார்க்கிறவனுக்கு இது ஆச்சரியமில்லை. இரண்டு பேர் பெயரில் உள்ள கணக்கில் 'இருவரும்' என்பதற்கும் 'இருவரில் ஒருவர்' என்பதற்கும் நடுவில் இருப்பது ஓர் உம்மை. ஒருவர் காலமானபின் மற்றவர் தடையின்றிப் பணம் எடுக்கலாமா என்பது அதைப் பொறுத்தது. ஜாமீன் பத்திரத்தில் வரும் 'கூட்டாகவும் தனித்தனியாகவும்' என்ற தொடரில் பின்பாதியை ஒரு தமிழ்ப் பண்டிதர் மிகை என்று அடித்துவிடக்கூடும். முழுக் கடனையும் ஒரே ஆளிடம் கேட்கிற உரிமை அந்த மிகையில் இருக்கிறது.

எதிர் உதாரணமும் உண்டு. ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனம் தயாரானபோது முதல் ஷரத்தின் ஆங்கில நகலில் இருந்தது, ஆண்கள் என்றும் மனிதர்கள் என்றும் இரு பொருள் தரும் சொல். பெண்களும் அதில் அடக்கம் என்பது குழுத் தலைவி எலியனோர் ரூஸ்வெல்ட்டின் எண்ணம். இந்தியாவிலிருந்து போயிருந்த ஹன்ஸா மேத்தா ஒப்பவில்லை. 1948 டிசம்பர் 10-ல் பிரகடனம் நிறைவேறியபோது 'மனிதப் பிறவிகள் எல்லோரும்' என்று இருந்தது. இதையும் மொழித் திருத்தம் என்றே சொல்லலாம். ஆனால் பொருள் மாறுகிறது என்று தெரிந்தே, அதற்காகவே, செய்த திருத்தம்.

ஆகவே என் எழுத்தில் யாரும் கைவைக்கக் கூடாது என்கிற வீறாப்பை நான் ஆதரிக்கவில்லை. பிறர் கண் படாத வாக்கியம் பெரும்பாலும் மோசமான வாக்கியம். நான் எதிர்ப்பது, திருத்தியவர் முகம் தெரியாமல் ஒதுங்கிக்கொள்வதையும், எழுதியவர் வாங்கிக்கொண்டு மறந்துவிடுவதையும். நம் சிறுபத்திரிகைகளில் எத்தனையோ கதைகளுக்கும் மொழிபெயர்ப்புகளுக்கும் இப்படித்தான் உதவி நடக்கிறது. ஒரு நன்றிக்கும் இடமில்லை, ஒரு வாதத்துக்கும் இடமில்லை. வரைவுக் குழு தன் திருத்தத்தின் அடியில் ஒரு குறிப்பாவது எழுதி வைத்தது. அந்தக் காரணம் முழுக் காரணம் இல்லை என்று இன்று நம்மால் சொல்ல முடிவதும் அந்தக் குறிப்பு இருப்பதால்தான். பார்த்துக் கொடுக்கச் சொல்கிறவர்கள் அவ்வளவையாவது கேட்டு வாங்கட்டும்: எந்தச் சொல்லை எடுத்தீர்கள், ஏன்?