பார்த்துப் போடுங்க

ஈப்போவின் புந்தோங்கில் ஒரு கச்சாங் பூத்தே கடை. ஓர் அம்மா முறுக்கும் கடலையும் கேட்டார். கடைக்காரர் பொட்டலத்தை மடிக்கப் போகும் நேரத்தில், "பாத்துப் போடுங்கண்ணே" என்றார். அண்ணன் எதையும் பார்க்கவில்லை. சாலையில் போகும் லாரியில் கண்ணை வைத்தபடியே இன்னொரு கை அள்ளி மேலே போட்டார். அந்த ஒரு கைக் கடலைக்குத்தான் 'பார்த்து' என்று பெயர்.

அன்று காலைதான் டியூஷனில் ஆங்கிலத்தின் சீ, லுக், வாட்ச் மூன்றையும் பிரித்துச் சொல்லத் திணறியிருந்தேன். "மூணும் பாருதானே சார்?" என்றான் பையன். வீட்டில் அவன் டிவி பார்க்கிறான், பாட்டியைப் பார்க்கிறான், பல்லியையும் பார்க்கிறான். ஆங்கிலத்தில் மட்டும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வினை கேட்டால் அவன் என்ன செய்வான்?

ஸ்வீடன் நாட்டு மொழியியலாளர் ஓகே விபெரி 1983இல் ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளின் புலன் வினைகளை அடுக்கிப் பார்த்தார். வேண்டுமென்று பார்ப்பது ஒன்று, தானாகக் கண்ணில் படுவது இன்னொன்று என்பது அவர் எடுத்துக்கொண்ட பிரிவுகளில் முக்கியமானது. ஆங்கிலத்தில் முதலாவது லுக், இரண்டாவது சீ. மலாய்க்காரருக்கும் இது கைவந்தது. தெங்கோக் என்றால் பார்ப்பது, நம்பாக் என்றால் தெரிவது. தேடிப் பார்த்தும் கிடைக்காதபோது 'தெங்கோக் பண்ணினேன், நம்பாக் இல்லை' என்று நம் பையன்களே கலந்தடிப்பார்கள்.

தமிழில் இந்தப் பிரிவு இல்லையென்று நினைத்தால் தவறு. அது வேற்றுமை உருபில் உட்கார்ந்திருக்கிறது. 'நான் பார்க்கிறேன்' என்றால் செய்பவன் நான். 'எனக்குத் தெரிகிறது' என்றால் நான் சும்மா நிற்கிறேன், மலைதான் என்னிடம் வருகிறது. 'எனக்குக் கேட்கிறது' என்பதும் அப்படியே. இன்னொரு வசதியும் உண்டு. ஆங்கிலத்தில் ருசிக்கும் வாசனைக்கும் தொடுகைக்கும் தானாக நேர்வது, வேண்டிச் செய்வது இரண்டுக்கும் ஒரே சொல்தான். நாம் தொட்டுப் பார்க்கிறோம், மோந்து பார்க்கிறோம், ருசி பார்க்கிறோம், காதால் கேட்டும் பார்க்கிறோம். எந்தப் புலனோடும் பாரைச் சேர்த்தால் அது முயற்சியாகிவிடுகிறது. கடைசியில் புலனே தேவையில்லை, செய்து பார்க்கிறோம். படியில் கால் இடறினால் 'விழப் பார்த்தேன்' என்கிறோம். விழுவதில் யாருக்கு என்ன முயற்சி என்று இலக்கணக்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆங்கிலத்தின் செல்வம் கண் அசையும் விதத்தில் இருக்கிறது. கிளான்ஸ் என்றால் ஒரு வெட்டு, ஸ்டேர் என்றால் வெறிப்பு, பியர் என்றால் கண்ணை இடுக்கி உற்றுப் பார்ப்பது. நமக்கும் எட்டிப் பார்த்தல், முறைத்தல், நோட்டம் விடுதல் எல்லாம் இருப்பதால் இதில் பெரிதாகப் பொறாமைப்பட ஒன்றுமில்லை. பெர்சீவ் என்ற சொல்லின் லத்தீன் வேரில் பிடித்தல் இருக்கிறது. 'எனக்குப் பிடிபடவில்லை' என்று சொல்லும் நம் ஆளுக்கு லத்தீன் தெரியாது, கருத்து தெரியும்.

பார்க்கிறவனுக்கும் பார்க்கப்படுவதற்கும் இடையில் என்ன கடன் என்பதில்தான் தமிழ் அதிகம் மெனக்கெட்டிருக்கிறது என்பது என் எண்ணம். பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறோம், வேலை பார்க்கிறோம், வைத்தியம் பார்க்கிறோம். திருக்குறளின் 58ஆம் அதிகாரத்துக்குக் கண்ணோட்டம் என்று பெயர். இன்றைய மேடைகளில் அந்தச் சொல்லுக்கு 'கருத்துநிலை' என்றுதான் பொருள், வள்ளுவரிடமோ அது இரக்கம். எதிரே நிற்பவன் மேல் கண் ஓடினால் மனமும் இளக வேண்டும் என்ற கணக்கு. மேடையில் செத்துப்போன அந்தப் பொருள் கச்சாங் பூத்தே கடையில் 'பாத்துப் போடுங்க' என்று உயிரோடு இருக்கிறது. அலுவலகத்தில் 'பார்த்துச் செய்யுங்க' என்றால் அதற்கு வேறு பொருள், அதை விட்டுவிடுவோம். குறிப்பறிதல் என்ற தலைப்பை வள்ளுவர் இரண்டு அதிகாரங்களுக்கு வைத்தார். 71ஆவதில் அரசன் முகத்தைப் படிக்க வேண்டும், 110ஆவதில் காதலியின் கண்ணை. ஆங்கில 'நோட்டீஸ்' என்ற வினைக்கு இதைவிட நல்ல மொழிபெயர்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை. நம் ஊரில் நோட்டீஸ் என்றால் வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஒட்டும் தாள்.

பார்ப்பதற்கு இருட்டான பக்கமும் உண்டு. கண்காணி என்ற சொல்லிலிருந்து வந்தது, தோட்டத்துத் தொழிலாளரை மேற்பார்த்த கங்காணி என்ற பெயர். அது ஆங்கில அகராதிக்குள்ளும் போனது. மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிந்த பிறகு ஆள் சேர்ப்பு பெரும்பாலும் கங்காணி கையில்தான். உரிமச் சீட்டோடு சொந்த ஊருக்குப் போய், உறவையும் சாதியையும் சொல்லி ஆட்களைக் கூட்டி வந்தார். 1938இல் இந்திய அரசு தடை போடும்வரை இது நடந்தது. பெரட்டு எனும் காலை ஆள் கணக்கெடுப்பில் எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள் என்பதைப் பொறுத்து அவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று காசு. எண்ணுவதற்காகப் பார்க்கும் கண் அது. கண்ணோட்டத்திலும் கங்காணியிலும் இருப்பது ஒரே கண்தான்.

ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்களின் பார்வை வேறு. விடியுமுன் நெற்றி விளக்கு வெளிச்சத்தில் பட்டையின் தடிமனை அறிய வேண்டும். ஆழம் குறைந்தால் பால் சரியாக வராது, கூடினால் மரத்தில் காயம், கங்காணி வாயில் வசவு. அங்கே கண் பாதி, உளி பிடித்த விரல் பாதி. தொல்காப்பியர் உயிர்களை அறிவால் வகுத்தபோது தொடு உணர்வை முதலில் வைத்தார், கண்ணை நான்காவதாக வைத்தார். விபெரி புலன் வினைகளை அடுக்கிய வரிசையில் கண்ணுக்குத்தான் முதலிடம். தோட்டத்தில் வேலை செய்தவர்கள் யார் பக்கம் நிற்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கண்ணை விட்டு மூக்குக்கு வந்தால், நம் பேராக்கின் வடக்குக் காடுகளிலும் கிளந்தானிலும் வாழும் ஜஹாய் மக்களிடம் வாசனைகளுக்கென்றே ஒரு டஜன் அளவில் தனிச்சொற்கள் உண்டு. பூ மாதிரி, மீன் மாதிரி என்று எதனோடும் ஒப்பிடாமல், நாம் நிறத்தைச் சொல்வதுபோல் வாசனையைச் சட்டென்று சொல்கிறார்கள். அசிஃபா மஜீதும் நிக்லாஸ் புரென்ஹுல்ட்டும் 2014இல் இதை வெளியிட்டார்கள். ஈப்போவிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் மொழியை நெதர்லாந்திலும் ஸ்வீடனிலும் பணிபுரிந்த ஆய்வாளர்கள் வந்து குறித்துவைத்தார்கள்.

தோட்டத் தமிழை இன்னும் யாரும் அப்படிக் குறித்து முடித்ததாக எனக்குத் தெரியவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் மாறியும் போனபின், தோட்டத்து மக்களில் பலர் புந்தோங் போன்ற இடங்களில் வந்து குடியேறினார்கள். உங்கள் வீட்டில் மரம் வெட்டிய பாட்டியோ தாத்தாவோ இருந்தால், இருட்டில் பட்டையைப் பார்ப்பதற்கு என்ன சொல் வைத்திருந்தார்கள் என்று இந்த வாரமே கேட்டு, அவர்கள் வாயில் வந்தபடியே எழுதி வையுங்கள்.