கிழங்குக்கு ஒரு குளிர்கால வீடு

காலா லில்லி தென்னாப்பிரிக்கச் செடி. கனடாவின் குளிர் அதற்கு ஆகாது. மண் உறைந்தால் கிழங்கும் உறைந்து அழுகிவிடும். அதனால் முதல் உறைபனியில் இலை கருகியதும் டொரண்டோ தோட்டக்காரர்கள் கிழங்கைத் தோண்டத் தொடங்குகிறார்கள். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிக் குத்தி, வெட்டுப்படாமல் நெம்பி எடுப்பதில்தான் கைத்திறன். மண்ணை உதிர்த்து, தண்டை இரண்டு விரற்கடை விட்டு நறுக்கி, சில நாள் நிழலில் உலர்த்தினால் தோல் இறுகும். காலா லில்லியும் நம் சேப்பங்கிழங்கின் குடும்பம்தான்!

பிறகு காய்ந்த பீட் மாஸ் (மக்கிய பாசி) நிரப்பிய அட்டைப்பெட்டியில், ஒன்றோடொன்று உரசாமல் அடுக்கி, 10 முதல் 15 டிகிரி செல்சியஸில் இருட்டில் வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்: கொழகொழத்தது குப்பைக்கு, சுருங்கியதற்குத் துளி நீர் தெளிப்பு. உறைபனி ஓய்ந்ததும் மறுபடி நடலாம். பிளாஸ்டிக் பையில் மட்டும் கட்டி வைக்காதீர்கள், பூசணம் பிடித்துவிடும்.