பவளத்தொட்டியும் பத்து மில்லிலீற்றர் தண்ணீரும்

பரிஸ் லாச்சப்பலில் ஒரு தேநீர்க்கடையில் வைத்து ஒரு தம்பி கேட்டார்: "அண்ணை, ஆறு மாதம் நல்லா நிண்ட தொட்டி. இப்ப ஏன் பவளம் நுனி வெளுக்குது?" "கேஎச் பாத்தனீரோ?" என்றேன். "இல்லையண்ணை, நைத்ரேற் மட்டும்தான் பாக்கிறனான்."

பலருக்கும் இந்த இடத்தில்தான் பிசகுகிறது. புதுத் தொட்டியில் அமோனியா, நைத்ரேற் என்று பயந்து பயந்து பார்க்கிறோம். மீன் பிழைத்து, தண்ணீர் தெளிந்ததும் சோதனைப் பெட்டியை அலுமாரிக்குள் வைத்துவிடுகிறோம். தொட்டி முதிர்ந்து, பாறையில் ஊதாநிறச் சுண்ணாம்புப் பாசி படர்ந்து, கல்பவளங்கள் கிளை விடத் தொடங்கும் நேரத்தில்தான் தண்ணீரிலுள்ள காரத்தன்மை வேகமாகச் செலவாகிறது. கேஎச் என்று நாங்கள் சொல்வது அதைத்தான். சென் தெனியில் எங்கள் வீட்டுத் தொட்டி 200 லீற்றர், வைத்துப் பதினான்கு மாதம். ஆரம்பத்தில் ஒரு கிழமையில் இறங்கிய அளவு இப்போது ஒரே நாளில் இறங்குகிறது. அதைக் கண்டுபிடித்துத் தந்த கருவியைப் பற்றித்தான் எழுதுகிறேன்: ஹன்னா செக்கர், எச்ஐ 772.

கேஎச்சை ஏன் முதலில் பார்க்க வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பவளம் தன் எலும்பைக் கட்டும்போது கல்சியத்தையும் காபனேற்றையும் சேர்த்தே எடுக்கிறது. கேஎச் ஒரு பாகை இறங்கும்போது கல்சியம் ஏறத்தாழ 7 பிபிஎம் இறங்கும். கடல்நீரில் கல்சியம் 410 பிபிஎம் அளவில் இருப்பதால் 7 குறைந்தது கண்ணுக்கே தெரியாது. கேஎச்சோ இயற்கைக் கடலில் 7 பாகைதான். அதில் ஒன்று போனால் ஏழில் ஒரு பங்கு போய்விட்டது. நெடுந்தீவில் மதில்கள் முருகைக்கல்லை அடுக்கிக் கட்டியவை. அந்தக் கல் முழுவதும் ஒரு காலத்தில் கடல்நீரில் கரைந்து கிடந்தது என்பது தொட்டி வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

கருவி உள்ளங்கைக்குள் அடங்கும், ஒரு சின்னப் பற்றரியில் ஓடும். கண்ணாடிக் குப்பியில் 10 மில்லிலீற்றர் தொட்டித்தண்ணீர் எடுத்து, துடைத்து, உள்ளே வைத்து ஒரு அழுத்து: பூச்சியம் பதிந்துகொள்ளும். பிறகு சிரிஞ்சால் 1 மில்லிலீற்றர் மருந்து விட்டு, மூடி, ஐந்து தரம் மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி, திரும்ப வைத்து அழுத்தினால் எண் வந்துவிடும். மருந்திலுள்ள நிறங்காட்டி கேஎச்சுக்கு ஏற்ப மஞ்சளிலிருந்து பச்சை கலந்த நீலம் வரை மாறும். கருவி 610 நனோமீற்றர் ஒளியை அதனூடாகச் செலுத்தி, எவ்வளவு கடந்து வருகிறதென்று பார்க்கிறது. முன்பு துளித்துளியாய் விட்டு நிறம் மாறும் கணத்தைப் பிடிக்கிற பெட்டிதான் வைத்திருந்தேன். அது கெட்டதில்லை. ஆனால் மார்கழியில் இங்கே ஐந்து மணிக்கே இருட்டு. மஞ்சள் பல்புக்குக் கீழே, பக்கத்தில் தொட்டியின் நீல வெளிச்சத்தோடு, நிறம் மாறிவிட்டதா என்று கண்ணை நம்புவது பெரும் பாடு. அந்தச் சந்தேகம் இதில் இல்லை.

எண் தசமத்தோடு வருவதால் அதை அப்படியே வேதமாக எடுக்கக் கூடாது. தயாரிப்பாளரே சொல்லும் பிழை வரம்பு 0.3 பாகையும், காட்டும் அளவில் 5 சதவீதமும். 8 என்று காட்டினால் உண்மை 7.3 ஆகவும் இருக்கலாம், 8.7 ஆகவும் இருக்கலாம். ஆகவே நான் பார்ப்பது இறக்கத்தை: ஒரே மருந்துப் புட்டி, ஒரே குப்பி, ஒரே நேரம். கேஎச்சை ஏற்ற விடும் அப்பச்சோடாவை நிறுத்திவிட்டு இரவு எட்டு மணிக்கு அளந்தேன், 8.7. இரண்டு நாள் கழித்து அதே எட்டு மணிக்கு 7.1. நாளுக்கு 0.8. நூறு லீற்றரில் ஒரு பாகை ஏற்ற 3 கிராம் அப்பச்சோடா வேண்டும்; என் தொட்டிக்கு நாளுக்கு 4.8 கிராம். அப்பத்துக்குப் போடும் அதே சோடாதான், ஆனால் பேக்கிங் பவுடரை மாறி வாங்கிவிடக் கூடாது. கிழமைக்குப் பத்து வீதம் தண்ணீர் மாற்றினால் போதாதா என்று கேட்பார்கள். கிழமைக்கு 5.6 பாகை செலவாகும் தொட்டியில் அந்த மாற்றம் அரைப் பாகையை மீட்டால் பெரிது.

ஒருநாள் மருந்து விட்ட பிறகு குப்பியைத் துடைக்க மறந்துவிட்டேன். விரல் ரேகை வெளிச்சத்தை மறைத்தது, 9.9 காட்டியது. கூடிவிட்டதென்று இரண்டு நாள் சோடாவை நிறுத்தினேன். மூன்றாம் நாள் சுத்தமாகத் துடைத்து அளந்தபோது 6.2. இரண்டு அக்ரோபோராக் கல்பவளங்களின் அடிப்பகுதியில் தோல் உரிந்து வெள்ளை எலும்பு தெரிந்தது; ஒன்று பிழைத்தது, மற்றது போய்விட்டது. அதற்குப் பிறகு எதிர்பாராத எண் வந்தால் எதையும் தொடாமல் இன்னொருமுறை அளக்கிறேன். குப்பியைக் குழாய்த்தண்ணீரில் கழுவுவதையும் விட்டுவிட்டேன். கேத்தலில் படியும் அதே பரிஸ் சுண்ணாம்பு கண்ணாடியிலும் மெல்லிய திரையாகப் படியும். வடிகட்டிய ஆர்ஓ தண்ணீரில்தான் அலசுகிறேன். குப்பிச் சுவரில் ஒட்டிய காற்றுக்குமிழும் எண்ணைக் கூட்டிக் காட்டும்.

இந்தக் கருவியை வைத்து நான் கண்ட புதினம் ஒன்று. தை மாதம் குளிருக்கு யன்னல் பூட்டு, ஐந்து பேர் மூச்சு, அடுப்பில் காஸ் எரிகிறது. வீட்டுக்குள் கரியமிலவாயு கூடுகிறது, அது தொட்டியில் கரைந்து பிஎச்சை இறக்குகிறது, பவளம் எலும்பு கட்டுவது மந்தமாகிறது. கரியமிலவாயு கேஎச்சை நேரே மாற்றாது. ஆனால் செலவு 0.8 இலிருந்து 0.5 ஆகிவிட்டது. பங்குனியில் யன்னலைத் திறந்து வைத்த கிழமையே திரும்ப ஏறியது. ஒரே அளவு சோடாவை வருடம் முழுக்க விட்டிருந்தால் குளிர்காலத்தில் கேஎச் மேலே போயிருக்கும்.

குறை என்றால் மருந்து. ஒரு புட்டியில் 25 சோதனைதான். தினம் அளந்தால் மாதம் தாங்காது. கிழமைக்கு இரண்டு என்றால் மூன்று மாதம் போகும், எனக்கு அது போதும். புதுப் புட்டி திறக்கும் அன்று பழையதாலும் புதியதாலும் ஒரே தண்ணீரை அளந்து வித்தியாசத்தைக் குறித்துவைக்கிறேன். இதே வரிசையில் பொஸ்பேற்றுக்கும் கருவி உண்டு. பொடியைக் கரைத்துக் குலுக்கி மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டும். அதை மாதம் இருமுறை எடுக்கிறேன். மென்பவளம் மட்டும் வைத்திருப்பவருக்கு எச்ஐ 772 அவசியமில்லை, துளிப்பெட்டியே காணும். கல்பவளம் வைத்து ஆறு மாதம் தாண்டியவர் அடுத்த பவளத்துண்டை வாங்குமுன் இதை வாங்கட்டும்.

உயிரோடிருக்கும் பவளத்தை நான் முதன்முதலில் பார்த்தது போர்த் டோறேயில், 1931 இல் திறந்த அந்தப் பழைய மீன்காட்சியகத்தின் நிலத்தடி மண்டபத்தில். லாச்சப்பல் தம்பியை அங்கே கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன். அதற்கு முதல் சனிக்கிழமை ஒரு போத்தலில் தன் தொட்டித்தண்ணீரைக் கொண்டுவந்தார். மூடி வரை நிரப்பச் சொல்லியிருந்தேன். எங்கள் குசினி மேசையில் வைத்து இரண்டு தரம் அளந்தோம்: 5.4, 5.5. அவரது தொட்டி 120 லீற்றர். நாளுக்கு ஒரு பாகைக்கு மேல் ஏற்ற வேண்டாமென்று சொல்லி, 3.6 கிராம் வீதம் இரண்டு நாளைக்கு நிறுத்துக் கட்டிக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை இரவு திரும்ப அளக்க வருகிறார்.