கமெராவுக்கு முன்னால் இறந்தவர்கள்

பேயைக் கண்டால் ஓடவேண்டும், இல்லையென்றால் சுடவேண்டும். திகில் விளையாட்டுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். 2001 இல் யப்பானின் டெக்மோ நிறுவனம் பிளேஸ்டேஷன் 2 க்காக வெளியிட்ட ‘ஸீரோ’ வேறு வழியில் போனது. (அமெரிக்காவில் இதன் பெயர் ‘ஃபேட்டல் ஃபிரேம்’, ஐரோப்பாவில் ‘புரொஜெக்ட் ஸீரோ’.) அண்ணனைத் தேடிப் பாழடைந்த மாளிகைக்குள் நுழையும் மிகு என்ற பெண்ணிடம் இருப்பது ஒரு பழைய கமெரா மட்டுமே. படம் எடுக்க எடுக்க ஆவி வலுவிழக்கும்.

இதை முதலில் என் மகள் விளையாட, பின்னால் கதிரையில் இருந்து பார்த்தேன். ஆவி நெருங்க நெருங்க, கமெராவை உயர்த்தியபடி அசையாமல் நின்றாள்.

“எடு பிள்ளை, எடு” என்று பதறினேன்.

“பொறுங்கோ அப்பா, இன்னும் கிட்ட வரட்டும்.”

விளையாட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது. தூரத்தில் எடுத்த படத்துக்குப் பலன் சொற்பம். ஆவியின் கை நம்மைத் தொடப்போகும் கணத்தில் எடுத்த படமே அதை வீழ்த்தும். கமெராவைக் கண்ணில் வைத்ததும் நடை மெதுவாகிவிடும், பக்கத்தில் நடப்பது தெரியாது. அவ்வளவு கிட்டத்தில் அதற்கு ஒரு முகம் இருப்பது தெரிகிறது. அது துன்பப்படுகிறது என்பதும். இதை வசனமாக எழுதாமல் நம் விரலிடம் விட்டது இயக்குநர் மகோட்டோ ஷிபாட்டாவின் கெட்டித்தனம்.

பலரும் கொண்டாடுவது 2003 இல் வந்த இரண்டாம் பாகத்தை: இரட்டைச் சகோதரிகள், ஒருத்தி மற்றவளின் கழுத்தை நெரித்தாகவேண்டிய சடங்கு, செந்நிற வண்ணத்துப்பூச்சிகள். நல்ல விளையாட்டுத்தான். எனக்கு 2005 இல் வந்த மூன்றாவதே பெரிது.

அதில் ரெய் ஒரு புகைப்படக்காரி. அவள் ஓட்டிய கார் விபத்துக்குள்ளாகி, மணமுடிக்கவிருந்த யூ இறந்துபோகிறான். அவள் தப்பிவிடுகிறாள். பாழ்வீடொன்றைப் படமெடுக்கப்போன இடத்தில் அவனைக் காண்கிறாள். அதன்பிறகு இரவுகளில், பனி கொட்டும் ஒரு மாளிகை கனவில் வருகிறது. அவனைத் தேடி அதற்குள் போகிறாள். விழித்தால் உடம்பில் பச்சைகுத்திய கோலம், கனவுக்குக் கனவு பரவுகிறது. பகலில் வீட்டு இருட்டறையில் கனவுப் படங்களைக் கழுவுகிறாள். அங்கே சண்டை கிடையாது. மாடிப்படி ஏறலாம், யூவின் அறைக்குள் போகலாம், உதவியாளாக இருக்கும் மிகுவோடு நாலு வார்த்தை கதைக்கலாம். முதல் பாகத்தில் அண்ணனை இழந்த அதே மிகு. நாட்கள் போக, அந்த வீட்டுக்குள்ளும் ஆவிகள் தென்படத் தொடங்கும். மாளிகையைவிட அந்தப் பகல்களே என்னை அதிகம் பயமுறுத்தின. மற்றப் பாகங்களில் ஆவியை விரட்டவே கமெரா. ரெய்க்கோ யூ போகக்கூடாது. விரட்டும் கருவியை வைத்துக்கொண்டு, தங்கிவிடு என்று கெஞ்சுகிறவள் அவள். பழைய இடங்களுக்கே திரும்பத் திரும்ப அனுப்பி அலுப்பூட்டுகிறார்கள் என்பது உண்மை. துக்கமும் அப்படித்தானே என்று நான் சமாதானம் சொல்லிக்கொண்டேன், மகள் ஒப்புக்கொள்ளவில்லை.

ஐந்தாவது பாகம் 2014 இல் வந்தது. உடல் நனைந்தால் ஆவிகள் கூடுதலாக வரும் என்பது விதி. நல்ல எண்ணம். ஆனால் ஈர உடையில் பெண்களைக் காட்டும் ஆசையும் கூடவே ஒட்டிக்கொண்டது. ஒருவரை உற்றுப் பார்ப்பதில் ஒரு பொறுப்பு உண்டு என்று 13 ஆண்டுகளாக நமக்குப் பழக்கிவந்த தொடர், தன் கதாநாயகிகளை இப்படியா பார்ப்பது? மகள் அதைப் பாதியில் வைத்துவிட்டாள். நான் முடித்தேன், இதை எழுதவேண்டியிருந்ததால்.