மலையகப் பழம்பத்திரிகைகளும் நமது ஆய்வும்

மலையக இலக்கிய வரலாற்றை எழுத முற்படுவோர் கோ. நடேசய்யரைத் தொடாது செல்வதில்லை. 1921இல் ‘தேசநேசன்’ தோன்றியமையும், 1924இல் ‘தேசபக்தன்’ வெளிவந்தமையும், புடவை வியாபாரி வேடத்தில் அவர் தோட்டங்களுட் புகுந்தமையும் கட்டுரைக்குக் கட்டுரை சொல்லப்படுவன. ஆயின், அக்கட்டுரைகளை ஒருங்குவைத்து நோக்கின், அவற்றில் எடுத்தாளப்படும் பகுதிகள் பெரும்பாலும் ஒன்றேயாதல் புலனாகும். குமாரி ஜயவர்த்தனாவின் 1972ஆம் ஆண்டு நூலும் சாரல்நாடனின் 1988ஆம் ஆண்டு நூலும் உழைத்துத் தந்தவற்றையே பின்வந்தோர் பங்கிட்டுக்கொள்கின்றனர். மூல இதழை விரித்து வாசித்தோர் மிகச் சிலரே.

இதனால் நேர்வது தகவற் குறை மட்டுமன்று, மதிப்பீடும் பிழைபடுகின்றது. தலையங்கத்தைத் தனியே பெயர்த்தெடுத்து வாசிக்கும் விமரிசகர், அந்நடை கூறியது கூறுகின்றது, உரத்துப் பேசுகின்றது எனக் குறைகாண்பர். எழுத்தறிந்த ஒருவர் வாசிக்க லயத்திலே பலர் கூடியிருந்து கேட்ட உரைநடை அது. செவிக்கு எழுதியதைக் கண்ணால் அளப்பது நியாயமாகாது. அத்தலையங்கத்தின் அருகே எவ்விளம்பரம் நின்றது, கடிதம் எத்தோட்டத்திலிருந்து வந்தது என்பனவற்றை முழு இதழன்றி வேறெதுவும் கூறாது.

ஊவாவை எடுத்துக்கொள்வோம். 1940 ஜனவரி 10ஆந் திகதி முல்லோயாவில் கோவிந்தன் சுட்டுக்கொல்லப்பட்டபின், போராட்டம் பதுளைப் பகுதிக்கும் பரவியது. வேவெஸ்ஸ தோட்டத்திலே தொழிலாளர் தமக்கெனக் குழுவொன்றைத் தெரிந்தெடுத்தனர். ஒழுங்கை நிலைநாட்டவந்த பொலிசாரின் ஆயுதங்களையும் பறித்தனர். ஜூன் மாதத்தில் சமசமாஜத் தலைவர்கள் சிறைப்பட, கட்சியின் அச்சகமும் முத்திரையிடப்பட்டது. இத்தகைய காலத்தில் அரசினதும் துரைமாரினதும் அறிக்கைகள் கோப்பிலே கட்டப்பட்டு நிலைக்கும். லயத்திற்கு வந்த தமிழ்த்தாளோ சாமான் சுற்றவும் அடுப்பு மூட்டவும் போகும். எஞ்சிய ஆவணங்களைக் கொண்டே எழுதின், தொழிலாளர் குரலைப் பொலிசாரின் வாய்மொழியாகவே கேட்கவேண்டி நேரும்.

அமெரிக்கப் புரட்சிப்போரின் பத்திரிகைகள் பிழைத்த கதை ஈண்டு நினைக்கத்தக்கது. ஐசாயா தோமஸ் என்னும் அச்சாளர் 1775இல், போர் மூளுவதற்குச் சின்னாட்களின் முன், தமது அச்சுப்பொறியைப் பொஸ்ரனிலிருந்து வூஸ்டருக்கு மறைவாகக் கொண்டுசென்றார். பத்திரிகை நடத்தியவரே பின்னர் பத்திரிகைகளைத் திரட்டினார். 1812இல் தாம் நிறுவிய பழம்பொருட் கழகத்திற்கு அத்திரட்டை வழங்கினார். அக்காலத் தாள் கந்தையிலிருந்து செய்யப்பட்டது. ஆதலின் இரு நூற்றாண்டு கடந்தும் மடிக்கலாம். நமது 1924ஆம் ஆண்டுத் தாளோ மரக்கூழில் ஆயது. தன் அமிலத்தாலேயே பழுத்து நொறுங்குவது. வயதிற் குறைந்ததே விரைந்து சாகின்றது.

தாளின் நலிவோடு மனிதர் செய்த அழிவும் சேர்ந்தது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின் கப்பலேறியோரின் தகரப்பெட்டியிற் பழந்தாளுக்கு இடமேது? 1983 ஜூலையிலே பதுளை நகரில் எரிந்த வீடுகளிலும் கடைகளிலும் என்னென்ன இருந்தன என எவர் கணக்கெடுத்தார்?

2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் இணையவழியே ஆற்றும் பணி பெரிது. எனினும் இதழ் கிடைத்தாலன்றோ படியெடுத்தல் இயலும்? விடுமுறைக்குப் பசறைக்கும் ஹாலி எலைக்கும் பண்டாரவளைக்கும் செல்லும் நம் மாணவர், பழைய தொழிற்சங்கத்தார் வீடுகளிலும் கோயிற் பரண்களிலும் கேட்டுப்பார்த்தல் வேண்டும். ‘முக்கியமான’ பகுதியை நறுக்கி ஒட்டும் நமது பழக்கம் இங்கு உதவாது. நறுக்கியவர் திகதியையும் இதழ்ப்பெயரையும் பெரும்பாலும் கத்தரிக்கோலுக்கே பலியிட்டிருப்பர். கிழிந்த தாளாயினும் முழுத்தாளாகவே கொணர்க. எவ்வீட்டில், எப்பெட்டியில் இருந்தது என்பதைத் தனித்தாளில் எழுதி உடன் வைக்க.