பிமா மக்களும் நீரிழிவும்: 'சிக்கனப் பரம்பரையலகு'க் கருதுகோள் பற்றிய ஒரு மறுநோக்கு

நீரிழிவு பற்றிய மருத்துவ எழுத்துக்களில் அரிசோனாவின் பிமா மக்களைப் போல அடிக்கடி எடுத்துக்காட்டப்பட்ட ஆதிக்குடியினர் வேறிலர் எனலாம். 1965 முதல் பல தசாப்தங்களாக அவர்கள் ஆராயப்பட்டனர். 35 வயதைக் கடந்தோருள் ஏறக்குறைய அரைவாசிப் பேர் இந்நோய்க்கு ஆட்பட்டிருந்தமை 1970களின் தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டது. இதற்குக் காரணங் கூற முற்பட்டோர் பலர், ஜேம்ஸ் நீல் 1962 இல் முன்வைத்த 'சிக்கனப் பரம்பரையலகு'க் கருதுகோளையே துணைக்கொண்டனர். பஞ்சமும் மிகுதியும் மாறிமாறி வந்த தொல்வாழ்வில் உயிர்காத்த உடலியல்பு, உணவு குறைவின்றிக் கிடைக்குங் காலத்தில் நோய்க்கு ஏதுவாகின்றது என்பது அதன் சாரம்.

இதன் எளிமையே இதன் கவர்ச்சி. ஆயின் வரலாற்றோடு வைத்து நோக்குமிடத்து இதன் போதாமை புலனாகும். தம்மை 'ஆற்று மக்கள்' என அழைத்துக்கொள்ளும் இவர்கள் கீலா ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டிச் சோளம், அவரை, பூசணி ஆகியவற்றையும் பின்னர் கோதுமையையும் விளைவித்த உழவர்கள். 1849 இல் பொன் தேடிக் கலிபோர்ணியா சென்றோர்க்குத் தானியம் விற்குமளவுக்கு அவர்களிடம் உபரி இருந்தது. மிகுதி அவர்களுக்குப் புதியதன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆற்றின் மேற்பகுதியிற் குடியேறிய வெள்ளையர் நீரைத் திருப்பியமையால் வயல்கள் காய்ந்தன. கருதுகோள் பேசும் பஞ்சம் தொல்காலத்தது. ஏடுகளிற் பதிவான பஞ்சமோ பிறர் வெட்டிய வாய்க்கால்களால் விளைந்தது. இவர்களின் பெயரைச் சொல்லிக் கட்டப்பட்டு 1930 இல் திறக்கப்பட்ட கூலிஜ் அணையும் வாக்களித்த நீரை முழுமையாகத் தரவில்லை. அவரைக்கும் மெஸ்கீற் மரக்காய்க்கும் பதிலாக அரசு பங்கிட்ட கோதுமை மாவும் பன்றிக் கொழுப்பும் சீனியும் அடுக்களை புகுந்தன. (பொரித்த ரொட்டியை ஆதிக்குடிகளின் தொன்மை உணவென எழுதுவோரும் உளர், அது பங்கீட்டு மாவிற் பிறந்தது.) 1908 இல் வெளியான ஹர்ட்லிச்காவின் ஆய்வில் நீரிழிவு அரிதாகவே குறிக்கப்பட்டுள்ளமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

'வாழ்க்கைமுறை மாறிற்று' என்று ஆய்வாளர் எழுதுகின்றனர். இது தன்வினை, மாற்றியவர் யாரென்ற வினா அவ்வாக்கியத்தில் எழுவதில்லை. பிறவினையாக எழுதினால் எழுவாயைக் கூறவேண்டி நேரும்.

பரம்பரைக்குப் பங்கே இல்லையென நாம் வாதிடவில்லை. ஆனால் இரண்டு மூன்று தலைமுறைகளிற் பரம்பரையலகுகள் மாறிவிடுவதில்லை. மெக்சிக்கோவின் மலைப்பகுதியில் உடலுழைப்போடு உழுதுண்டு வாழும் பிமா மக்கள் இவர்களுக்கு நெருங்கிய இனத்தவர். 2006 இல் வெளியான ஒப்பீட்டில் அவர்களிடையே நீரிழிவு 6.9 வீதம், அரிசோனாவில் 38 வீதம். நீலும் பிற்காலத்தில் தம் கருத்தைத் திருத்தியமைத்தார். எனினும், மேற்கோள் காட்டுவோர் பலர் 1962 இலேயே நின்றுவிட்டனர்.

2004 ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி கீலா ஆற்றுச் சமூகத்துக்கு ஆண்டொன்றுக்கு 6,53,500 ஏக்கர் அடி நீருக்கான உரிமை கிடைத்தது. அந்நிலத்தில் தெப்பாரி அவரை மீண்டும் பயிராகின்றது. இரத்தத்திலுள்ள சீனியை அளப்போர், எந்த வயலுக்கு எவ்வளவு நீர் சேர்ந்தது, அவ்விளைச்சலில் எவ்வளவு சந்தைக்குப் போயிற்று, எவ்வளவு அவ்வீட்டு அடுப்பில் வெந்தது என்பவற்றையும் அதே ஏட்டில் அளந்தெழுத வேண்டும்.